துறையில் தொடங்கும் யாழ்ப்பாணம்

யாழ்ப்பாண நகரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது அலைகடல் அல்ல, ஆழம் குறைந்த கடல்நீரேரி. கோட்டைக்கு அருகே கரையில் நின்றால் கம்புகளை நட்டு வலை கட்டிய மீன்பிடிப்பும், இடுப்பளவு நீரில் நடந்து போகிறவர்களும்தான் கண்ணில் படும். அதற்கு அப்பால் மேற்கிலும் தென்மேற்கிலும் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய ஏழையும் சப்த தீவுகள் என்பது ஊர் வழக்கு. நகரத்தை ஒட்டிய மண்டைதீவு இந்தக் கணக்கில் சேர்வதில்லை. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் மூன்றுக்கும் கடலுக்குள் மண்ணும் கல்லும் கொட்டி அமைத்த சாலைகள் உண்டு. மற்ற நான்குக்கும் படகுதான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களின் வழக்கமான திட்டத்தில் நல்லூர், நூலகம், கோட்டை மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிடும். நேரம் மிஞ்சினால் நயினாதீவுக்கு அரை நாள், பிறகு கண்டிக்கோ கொழும்புக்கோ கிளம்புவார்கள். இந்த ஊருக்கு அது போதாது. யாழ்ப்பாணத்தை யார் எதற்காகப் பிடித்தார்கள், ஏன் இந்த இடத்தில் கோட்டை கட்டினார்கள் என்ற கேள்விகளுக்கு விடை நகரத்துக்குள் இல்லை, தீவுகளின் துறைகளில் இருக்கிறது.

சென்னைக்கு மேற்கே செம்பரம்பாக்கம், பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் போக இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சென்னை விமான நிலையத்திலிருந்து பலாலிக்கு விமானம். 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்கான சென்னைச் சேவை கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இன்னொன்று நாகப்பட்டினம் வழியாகக் கடல். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர், அங்கிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையம், இரவுப் பேருந்தில் நாகை என்பது இந்தப் பகுதியினருக்கு எளிய தடம். கப்பல் காலையில் புறப்படுவதால் முந்தைய இரவே கிளம்பியாக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் புதிய சங்கதி அல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போவது ஐம்பது ஆண்டுகள் நடந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. அதன் பிறகு ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. 1980-களில் இனப்போர் மூண்டதும் அதுவும் நின்றது. 2011-இல் தூத்துக்குடி–கொழும்பு இடையே தொடங்கிய சேவை அந்த ஆண்டைத் தாண்டவில்லை.

நாகை–காங்கேசன்துறைச் சேவையை 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் நரேந்திர மோடி காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். 150 பேர் அமரக்கூடிய 'செரியபாணி' ஓடியது சில நாள்களே. அக்டோபர் 20-ஆம் தேதியோடு வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். மழைக்காலத்தின் வாசலில் கப்பலை விட்டது விசித்திரமான ஏற்பாடுதான். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு தனியார் நிறுவனம் ஒன்று சேவையை எடுத்து நடத்தத் தொடங்கியது. நவம்பரில் மழைக்காக நின்று 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடியது. ஆக, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இந்தக் கப்பலை நம்பித் திட்டம் போடக் கூடாது. மற்ற மாதங்களிலும் கடல் கொந்தளித்தால் சேவை ரத்தாகும். பாஸ்போர்ட்டும் இலங்கை அரசின் மின்னணுப் பயண அனுமதியும் தேவை. சாமான் எடைக்கு வரம்பு உண்டு.

கப்பலுக்கு முன் நாகையில் ஒரு நாள் தங்குவது வீணாகாது. ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் பெயரில், முதலாம் ராஜராஜன் காலத்தில் இங்கே எழுந்த புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரே தானமாகப் போனது. அந்தச் செப்பேடு நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழகத்தின் பெயரால் அறியப்பட்டது. விகாரத்தின் கடைசிக் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் படிமங்களில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். செம்பரம்பாக்கத்தாருக்கு நாகையோடு இன்னொரு உறவும் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய குன்றத்தூர்தான் சேக்கிழாரின் ஊர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்ட அதிபத்தர் என்ற நாகை மீனவரை நாயன்மாராக விரித்துப் பாடியவர் அவரே.

நாகையிலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் போலாகும். காங்கேசன்துறை போர்க்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த ஊர். கொழும்பிலிருந்து வரும் ரயில் 1990-இல் நின்றுபோய், 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் மறுபடி எட்டியது. துறைக்குப் பக்கத்திலேயே கீரிமலை நன்னீர்க் கேணியும் நகுலேஸ்வரமும் இருக்கின்றன. கடல் அலைக்கு எட்டும் தூரத்தில் நன்னீர் ஊறுவது சுண்ணாம்புக்கல் தரையின் வேலை. இந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கி, கிணறாகவும் கேணியாகவும் வெளிப்படுகிறது.

நகரத்தில் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது கோட்டை. 1619-இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்ச்சுகீசியர் கடல்நீரேரியின் கரையில் இதை எழுப்பினார்கள். நல்லூரில் இருந்த தலைநகரை விட்டுக் கரைக்கு வந்ததே அவர்களுடைய நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கப்பல் வரும் வழி. 1658-இல் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினார்கள். 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பவளப்பாறைக் கல்லால் ஆன மதில் நெருங்கிப் பார்த்தால் பழைய கடலுயிர்களின் துளைகளோடு தெரியும். உள்ளே 1706-இல் கட்டிய டச்சுத் தேவாலயம் இருந்தது. 1990-இல் விடுதலைப் புலிகள் கோட்டையை முற்றுகையிட்ட சண்டையிலும் அதை அடுத்த காலத்திலும் அது தரைமட்டமானது. போருக்குப் பின் மதில்கள் சீரமைக்கப்பட்டாலும் தேவாலயம் இடிபாடாகவே கிடக்கிறது. மாலையில் மதில் மேல் நடக்க உள்ளூர்க் குடும்பங்கள் வருவார்கள். தீவுகள் இருக்கும் திசையை அங்கிருந்தே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

கோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் பொது நூலகம். 1933-இல் கே.எம். செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய வாசிகசாலைதான் வளர்ந்து, சென்னைக் கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மன் வரைந்த இந்தக் கட்டடமாக 1959-இல் திறந்தது. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஆலோசனையும் இதற்குக் கிடைத்தது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டதில் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இப்போது நிற்பது அதே தோற்றத்தில் மீட்டுக் கட்டியது. வாசகர்கள் படித்துக்கொண்டிருக்கும் இடம் என்பதால் பார்வையாளர்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. அதை மதிப்பது நல்லது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இப்போதுள்ள இடத்தில் 1734-இல் எழுந்தது. அரசர் காலத்துக் கோயிலைப் போர்ச்சுகீசியர் இடித்திருந்தார்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அர்ச்சனைச் சீட்டு நெடுங்காலமாக ஒரு ரூபாய். பூசைகள் நேரம் தவறாமல் நடக்கும். தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களில் சிறப்பு வரிசைக் கட்டணம் கட்டிப் பழகியவர்களுக்கு இது சற்றே வெட்கம் தரும் அனுபவம். ஆகஸ்ட் வாக்கில் 25 நாள் திருவிழா. அந்த நாள்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம். சாப்பாட்டில் புட்டு, இடியப்பம், சொதி, நண்டுக் கறி எல்லாம் கடைகளில் கிடைக்கும். ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவும் மீனும் நண்டும் மரவள்ளியும் சேரும் கூழ் மட்டும் வீடுகளிலும் சில கடைகளிலும்தான்.

தீவுகளுக்கான சாலை கோட்டைப் பக்கத்துப் பண்ணைப் பாலத்தில் தொடங்குகிறது. இரு பக்கமும் நீர், நடுவே நேர்கோடாகச் சாலை. மண்டைதீவைக் கடந்து வேலணை வரும். டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ராட்டர்டாம். ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருப்பது நெடுந்தீவின் டெல்ஃப்ட் மட்டுமே.

வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை இருக்கிறது. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தின் பெரிய துறைமுகம் இதுதான். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடந்து வந்து, இங்கே கப்பலேறி இந்தியாவுக்குப் போயின. போர்ச்சுகீசியருக்கும் டச்சுக்காரர்களுக்கும் யாழ்ப்பாணம் தந்த வருமானத்தில் யானை வணிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. துறைக்கு எதிரே நீருக்கு நடுவில் இருக்கிறது கடற்கோட்டை. ஹம்மன்ஹீல் என்று டச்சுக்காரர்கள் அழைத்த அந்தச் சிறு கோட்டை பின்னாளில் சிறையானது. 1971-இல் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) நடத்திய ஆயுதக் கிளர்ச்சிக் காலத்தில் அதன் தலைவர் ரோகண விஜேவீர அங்கே அடைக்கப்பட்டிருந்தார். இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. ஊர்காவற்றுறையிலிருந்து எதிர்க்கரையான காரைநகருக்கு ஒரு மிதவைப் படகு சில நிமிடங்களில் கொண்டுபோய்விடும். அனலைதீவு, எழுவைதீவுப் படகுகளும் இந்தத் துறையிலிருந்தே கிளம்பும். அவை சிற்றூர்த் தீவுகள். பயணிகளுக்கான வசதி ஏதும் இல்லை, யாராவது அழைத்தால் போகலாம்.

வேலணையிலிருந்து இன்னொரு கடல்வழிச் சாலை புங்குடுதீவுக்குப் போகிறது. பூட்டிய வீடுகளும் சுற்றுமதில் மட்டும் மிஞ்சிய வளவுகளும் சாலையோரம் நெடுக வரும். 1990-களின் தொடக்கத்தில் போரால் காலியான தீவு இது. இதன் மக்கள் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். கவிஞர் சு. வில்வரத்தினத்தின் கவிதைகளில் வரும் ஆளற்ற ஊர் இதுவே. எழுத்தாளர் மு. தளையசிங்கமும் இந்தத் தீவினர். ஒடுக்கப்பட்ட சாதியினர் ஊர்க்கிணற்றில் நன்னீர் அள்ளும் உரிமைக்காக 1971-இல் நின்று, காவலரிடம் அடிபட்டு, 1973-இல் மறைந்தார். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு யார் கையில் என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை அவர் வாழ்க்கை காட்டும்.

சாலை முடியும் இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். நயினாதீவுக்குப் படகுகள் அடிக்கடி உண்டு, கால் மணி நேரப் பயணம். மரப் படகின் உள்தளத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கும். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது அவசியம். வெள்ளை உடுத்த சிங்கள யாத்திரிகர்களும் பூத்தட்டோடு தமிழ்க் குடும்பங்களும் ஒரே படகில் போவார்கள். தமிழருக்கு அங்கே நாகபூசணி அம்மன், சிங்களவருக்கு நாகதீப விகாரை. நாக அரசர் இருவர் மணி ஆசனம் ஒன்றுக்காகப் போரிட, புத்தர் வந்து சமாதானம் செய்ததாக மகாவம்சம் சொல்கிறது. மணிமேகலையின் மணிபல்லவம் இதுதான் என்று கருதும் அறிஞரும் உண்டு, மறுப்போரும் உண்டு. கோயிலுக்கும் விகாரைக்கும் இடையே சில நிமிட நடை. பெரும்பாலான குழுக்கள் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பாராமல் திரும்புவதுதான் வருத்தம்.

நயினாதீவில் எல்லாரும் தவறவிடும் பொருள் ஒன்று இருக்கிறது. அம்மன் கோயிலில் உள்ள 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுதான் அது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1960-களில் வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது ஆணை. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் சரக்கில் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உரியவனுக்கு. மற்ற வணிகப் பண்டம் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருகிறவனுக்குக் கூடுதல் சலுகை தந்த கணக்கு இது. சிங்கள அரசன் தன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் வெட்டியது, அந்தத் துறையில் வணிகம் செய்தவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்பதற்குச் சான்று. யாழ்ப்பாணத்தில் கோட்டை எழுவதற்கு நான்கு நூற்றாண்டுக்கு மேல் முன்னமே இந்தக் கடல் சட்டதிட்டங்களோடு நடந்த பாதையாக இருந்திருக்கிறது.

நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்தே படகு. ஏறத்தாழ ஒரு மணி நேரம், திறந்த கடல், காற்று நாளில் தூக்கிப்போடும். படகுகளின் எண்ணிக்கை குறைவு. 'குமுதினி', 'வடதாரகை', 'நெடுந்தாரகை' என்ற பெயர்களைத் தீவார் வீட்டுப் பெயர் போலச் சொல்வார்கள். காலையில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தீவுக்குப் போகிறார்கள், பிற்பகலில் திரும்புகிறார்கள். நோயாளி, அரிசி மூட்டை, எரிவாயு உருளை எல்லாம் இதே படகில்தான். சுற்றுலாக் குழு ஒன்று முன்கூட்டி வந்து இருக்கைகளைப் பிடித்துக்கொண்டால் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் நின்றுகொண்டு வருவார். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே கேட்டு வைக்காதவர்கள் தீவில் தங்க நேரும்.

குமுதினி என்ற பெயருக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். தீவில் ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுகூர்கிறார்கள்.

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர், தட்டையான பவளப்பாறை நிலம். வேலி எல்லாம் கல். சாந்து இல்லாமல் பவளக்கற்களை அடுக்கியே வயல், வீடு, தெரு அனைத்தையும் பிரித்திருக்கிறார்கள். இறங்குதுறையில் ஆட்டோவோ சிறு வாகனமோ பேசிக்கொண்டு சுற்ற வேண்டும். டச்சுக் கோட்டையின் இடிபாடு, தூதுப் புறாக்களுக்காகக் கட்டியதாகச் சொல்லப்படும் புறாக்கூடு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கு மரம் ஆகியவை வழக்கமாகக் காட்டும் இடங்கள். மற்ற எதையும்விட முக்கியம் குதிரைகள். போர்ச்சுகீசியர் கொண்டுவந்து, டச்சுக்காரர்கள் படைக்கென இனப்பெருக்கிய மட்டக் குதிரைகளின் வழி வந்தவை, தெற்குப் புல்வெளியில் கட்டுப்பாரற்றுத் திரிகின்றன. கோடையில் குட்டைகள் வற்றும்போது தண்ணீரின்றிச் சாகவும் செய்கின்றன. 2015-இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கும் நன்னீர் அரிது என்பதால் போகிறவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டுபோவதே முறை.

மின்சார விஷயத்தில் இத்தீவுகள் பன்னாட்டு அரசியலுக்குள் இழுபட்டன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்றாலை மின்திட்டத்தை 2021-இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு இலங்கை வழங்க, தமிழ்நாட்டுக் கரைக்கு இத்தனை அருகில் சீனரா என்று டெல்லி எதிர்த்தது. அந்தத் திட்டம் நின்று, இந்திய மானியத்தில் அமைப்பதாக 2022 மார்ச்சில் உடன்பாடு கையெழுத்தானது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களிடம் நெடுந்தீவில் யாராவது கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் இழுவைப் படகுகள் ஏன் எங்கள் கடலுக்கு வருகின்றன? இழுவை மடி கடலடியைச் சுரண்டி, இவர்களுடைய சிறு வலைகளையும் அறுத்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடுத்தது. நம் பத்திரிகைகளில் மீனவர் கைது மட்டுமே செய்தியாகிறது. எதிர்க்கரையிலும் தமிழ் மீனவர்தான் என்பது அங்கே போனால்தான் உறைக்கும்.

கச்சத்தீவு நெடுந்தீவுக்குத் தென்மேற்கே இருக்கிறது. குடியிருப்போர் இல்லை, குடிநீர் இல்லை, அந்தோணியார் கோயில் மட்டும் உண்டு. 1974 ஒப்பந்தம் அதை இலங்கைக்கு விட்டது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணம் இல்லாமல் வந்துபோகலாம் என்ற விதியும் அதில் உண்டு. பிப்ரவரி அல்லது மார்ச்சில் நடக்கும் இரண்டு நாள் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்தும் குறிகட்டுவானிலிருந்தும் படகுகள் போகின்றன. மீனவர் சிறைவாசத்தை எதிர்த்து 2024-இல் ராமேசுவரம் தரப்பு போகவில்லை. ராமேசுவரத்தில் பெயர் பதிந்து அந்தத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து நெடுந்தீவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தொடர முடியாது, வந்த படகிலேயே திரும்ப வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு நாகைக் கப்பல் அல்லது விமானம்தான்.